வீட்டிலிருந்து ஒரு முதுமாணிப் பட்டம்



புள்ளிவிபரவியலைப் பற்றிப் பேசுவதற்கு உமக்குள்ள தகைமை யாது என்று நீங்கள் என்னைக் கேட்பீர்களாயின், ஒன்றுமில்லை என்றே நான் விடை கூறவேண்டியிருக்கும். நான் ஒரு கலைமாணிப் பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்றவன். பாடசாலை அதிபர் என்ற முறையில் ஆண்டுதோறும் வரவுப் பதிவேட்டின் சராசரியைக் கணித்து வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்புவதே எண்களோடு எனக்குள்ள உறவு. அதனையும் எங்கள் கணித ஆசிரியர் ஒருமுறை சரிபார்த்த பின்னரே ஒப்பமிடுவது என் வழக்கம். அத்தகைய ஒருவன் வணிகப் புள்ளிவிபரவியலில் முதுமாணிப் பட்டம் ஒன்றைத் தேடி அலைய நேர்ந்தது எவ்வாறு என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் எனது பழைய மாணவி ஒருத்தி தன் தகப்பனாரோடு என் வீட்டுக்கு வந்தாள். உயர்தர வகுப்பில் வர்த்தகப் பிரிவிற் கற்று, வர்த்தகமாணிப் பட்டம் பெற்று, வடபகுதி நகரமொன்றில் உள்ள நிதி நிறுவனத்தில் உத்தியோகம் பார்ப்பவள். முச்சக்கர வண்டிகளுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் லீசிங் கொடுப்பது அந்த நிறுவனத்தின் தொழில். தவணை தவறினால் வண்டியை எடுத்துச் செல்வார்கள். எந்த வாடிக்கையாளர் பணம் கட்டுவார், எவர் கட்டமாட்டார் என்பதை மேலாளர் முகத்தைப் பார்த்தே தீர்மானிப்பார். இவளோ தன் குறிப்புப் புத்தகத்தில் வேறொன்றைக் கண்டிருந்தாள். வண்டி பறிபோன இருபத்துமூன்று பேரில் பெரும்பாலோர் வயல் செய்பவர்கள். அவர்கள் தவணை தவறியது பெரும்போக அறுவடைக்கு முந்திய இரண்டு மாதங்களில். நெல்லு விற்கும்வரை பொறுத்திருந்தால் அவர்கள் கட்டியிருப்பார்களோ என்பது அவளுடைய ஐயம்.

“சேர், மேலாளரிட்ட சொன்னன். இருபத்துமூன்று பேரை வைச்சு என்ன சொல்ல முடியும், அது தற்செயல் எண்டு சொல்லிப்போட்டார். தற்செயலா இல்லையா எண்டு கண்டுபிடிக்க எனக்குத் தெரியேல்லை. அதைப் படிக்கப்போறன்” என்றாள் அவள்.

இந்தக் கேள்வி எவ்வளவு பழையது, எவ்வளவு பெருமையுடையது என்பது எனக்கு அப்போது தெரியாது. பின்னர் படித்தறிந்தேன். சிறிது விலகிச் சென்று அதனைச் சொல்ல நேயர்கள் இடந்தரவேண்டும். அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் கின்னஸ் என்னும் புகழ்பெற்ற மதுவடிசாலை ஒன்று உண்டு. பாடசாலை அதிபர் மதுவடிசாலையைப் பற்றிப் பேசுவதா என்று முகஞ்சுளிக்க வேண்டா. 1899இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் வில்லியம் சீலி கொசெற் என்ற இளைஞர். ஒக்ஸ்போர்ட்டில் இரசாயனமும் கணிதமும் கற்றவர். எந்த வாற்கோதுமை நல்ல விளைவு தரும் என்று அறிய வேண்டும். ஆனால் கையிலுள்ள பரிசோதனைகளோ ஐந்து, பத்து என்ற அளவிலேயே இருந்தன. அக்காலத்துக் கணித முறைகள் பெருந்தொகையான மாதிரிகளுக்கே பொருந்துவன. ஆகவே சிறு மாதிரிகளிலிருந்து எவ்வளவு உறுதியோடு பேசலாம் என்பதை அவரே ஆராயத் தலைப்பட்டார். 1906ஆம், 1907ஆம் ஆண்டுகளில் இலண்டனுக்குச் சென்று கார்ல் பியர்சனிடம் கற்றார். 1908இல் தமது முடிவை வெளியிட்டார். ஊழியர்கள் தம் சொந்தப் பெயரில் ஆய்வுகளை வெளியிடுவதை நிறுவனம் விரும்பாமையால், “மாணவன்” என்னும் பொருள்படும் புனைபெயரைச் சூடிக்கொண்டார். இன்றும் உலகெங்கும் உள்ள புள்ளிவிபரவியல் நூல்களில் அவரது சோதனை அந்தப் பெயராலேயே வழங்குகின்றது. வணிகத்துக்கான புள்ளிவிபரவியல் என்பது ஏதோ நேற்று முளைத்த நாகரிகம் அன்று. இந்த விஞ்ஞானத்தின் முக்கியமான ஒரு பகுதி தொழிற்சாலையின் தேவையிலிருந்தே பிறந்தது. எங்கள் பெண்ணின் இருபத்துமூன்று பேரும் கொசெற்றின் வாற்கோதுமைப் பாத்திகளும் ஒரே கேள்வியையே எழுப்பினர்.

நிற்க. அவர்கள் என்னிடம் வந்தது வரலாறு கேட்பதற்கு அன்று. அவளது கைத்தொலைபேசியில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் விளம்பரம் இருந்தது. இணையவழியில் பதினெட்டு மாதத்தில் முதுமாணிப் பட்டம். கணித அறிவு தேவையில்லை. எழுத்துப் பரீட்சை இல்லை. மூன்று நாளுக்குள் பணம் கட்டினால் பெருந்தொகை கழிவு. முன்பணத்தை அவள் ஏற்கெனவே கட்டிவிட்டாள். அது அவளுடைய இரண்டு மாதச் சம்பளம். மீதிக்காகத் தகப்பனார் காணி உறுதியைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்திருந்தார். “சேர் சரியெண்டு சொன்னால் நாளைக்கே ஈடு வைக்கிறன்” என்றார் அவர்.

அவர் அவ்வாறு சொன்னதும் எனக்கு உள்ளூர நடுக்கம் எடுத்தது. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு எதைப் படிக்கலாம் என்று சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் ஒருவருடைய நிலம் என் சொல்லில் தொங்கியதில்லை. இரண்டு கிழமை தவணை கேட்டேன்.

எனக்குத் தெரிந்தது வாசிப்பு ஒன்றுதான். ஆகவே அந்த விளம்பரத்தைப் பழைய செய்யுளுக்கு உரை காண்பவன்போல வரிவரியாக வாசித்தேன். கற்பிப்பவர் எவர் என்று ஒரு பெயரேனும் இல்லை. பாடங்களின் பெயர்கள் அழகானவை. உள்ளே என்ன கற்பிக்கப்படும் என்ற விபரம் கிடையாது. தமக்கு அங்கீகாரம் உண்டென்று ஒரு சபையின் பெயரைப் போட்டிருந்தார்கள். அச்சபையைத் தேடிப் பார்த்தபோது, அதுவும் அந்நிறுவனத்தைப் போன்ற சிலவற்றுக்குச் சான்று வழங்குவதைத் தவிர வேறு வேலை செய்வதாகத் தெரியவில்லை. எங்கள் நாட்டில் வெளிநாட்டுப் பட்டமொன்றின் தகுதியைப் பற்றி ஐயம் எழுந்தால் விசாரிக்கவேண்டிய இடம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. உலகப் பல்கலைக்கழகங்களின் சர்வதேசச் சங்கம் பேணிவரும் உயர்கல்வித் தரவுத்தளம் ஒன்றும் உண்டு. எவரும் அதிற் பெயரைத் தேடலாம். அந்த நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை. காணி உறுதி மறுபடியும் பெட்டிக்குள் போயிற்று. முன்பணம் மட்டும் இன்றுவரை திரும்பி வரவில்லை.

இதனைக் கேட்டுவிட்டு, வீட்டிலிருந்து பெறும் பட்டமெல்லாம் பொய் என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. எங்கள் முன்னோரிற் பலர் அவ்வாறு பட்டம் பெற்றவர்களே. இலண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே வெளிவாரிப் பரீட்சார்த்திகளுக்குக் கதவைத் திறந்தது. 1921இல் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி அமைந்தபோது அங்கே கற்றவர்களும் இலண்டன் பரீட்சைக்கே தோற்றினர். 1942இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. குப்பி விளக்கின் ஒளியில், தபாலில் வந்த நூல்களைப் படித்து இலண்டன் பட்டம் பெற்ற ஆசிரியர்களிடம் கற்றவர்களிடம் நாங்கள் கற்றோம். அன்று கப்பலில் வந்த பாடம் இன்று கம்பியில் வருகின்றது. ஆனால் அன்றைய பரீட்சையின் கண்டிப்பு இன்றும் இருக்கின்றதா என்பதே நாம் பார்க்கவேண்டியது.

அதன்பின் நாங்கள் இருவரும் முறையாகத் தேடத் தொடங்கினோம். முதலில் உள்நாட்டைப் பார்த்தோம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வணிகப் புள்ளிவிபரவியலுக்கென்றே பட்டப்பின் கற்கை உண்டு. கொழும்பிலும், பேராதனையின் பட்டப்பின் விஞ்ஞான நிறுவகத்திலும் பிரயோகப் புள்ளிவிபரவியல் உண்டு. கொழும்பை அடுத்து வாழும் ஒருவர் என்னிடம் கேட்டால், வெளிநாடு எதற்கு, இவற்றை முதலிற் பாருங்கள் என்பேன். ஆனால் நேரடி வகுப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவு பேருந்தில் கிழமைதோறும் போய்வருவது, தாயார் நோயாளியாக இருக்கும் வீட்டுப் பெண்ணுக்கு இயலாத காரியம்.

வெளிநாட்டுக் கற்கைகளைப் பார்த்தபோது முதலிற் குழப்பியது பெயர். புள்ளிவிபரவியல் என்பார்கள், பிரயோகப் புள்ளிவிபரவியல் என்பார்கள், வணிகப் பகுப்பாய்வியல் என்பார்கள், தரவு விஞ்ஞானம் என்பார்கள். பெயரை நம்பாது பாடப் பட்டியலை வாசிக்க வேண்டும் என்று எங்கள் கணித ஆசிரியர் புத்தி சொன்னார். நிகழ்தகவு, மாதிரியெடுப்பு, கருதுகோட் சோதனை, பின்னடைவுப் பகுப்பாய்வு, பரிசோதனைத் திட்டமிடல், காலத்தொடர், பன்மாறிப் பகுப்பாய்வு ஆகியன இருந்தால் அது புள்ளிவிபரவியல். வரைபடம் வரைவதும் மென்பொருளை இயக்குவதும் தலைமைத்துவமுமே நிறைந்திருந்தால், அது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பெண் கேட்ட கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது. விற்பனைக்கும் கடனுக்கும் காலத்தொடர் இன்றியமையாதது என்பதையும் அவரே சொன்னார். நெல்லு விற்கும் மாதமும் தவணை தவறும் மாதமும் ஆண்டுதோறும் சுற்றி வருகின்றன அல்லவா?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் பிரயோகப் புள்ளிவிபரவியல் முதுமாணிப் பட்டத்தை இணையவழியில் வழங்குகின்றது. மொத்தம் 30 பாட அலகுகள். டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகமும் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகமும் புள்ளிவிபரவியலைத் தூரத்திலிருந்து கற்பிக்கின்றன. இவற்றின் பட்டம் உண்மையான பட்டம். ஆனால் கட்டணம் அலகுக் கணக்கில் டொலரில் அறவிடப்படுவது. ஓர் அலகின் விலையைப் பார்த்து மலிவென்று மயங்காது, அதனை முப்பதாற் பெருக்கி, பின்னர் ரூபாவாற் பெருக்கிப் பார்க்கவேண்டும். ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகம் 2017இல் பகுப்பாய்வியல் முதுமாணிக் கற்கையொன்றை மொத்தம் 10,000 டொலருக்குக் குறைந்த கட்டணத்தில் இணையவழியில் ஆரம்பித்தது. அதன் மூன்று பிரிவுகளில் ஒன்று வணிகத்துக்கானது. ஏனையவற்றோடு ஒப்பிடுகையில் இது மிகக் குறைவு. ஆயினும் ஒரு டொலருக்கு 300 ரூபா என்று கணக்கு வைத்தால் அதுவும் முப்பது இலட்சம் ரூபாவை நெருங்கும். எங்கள் ஊரில் முப்பது இலட்சம் என்பது ஒரு வீடு.

டொலரின் விலை நிற்கும் இடத்தில் நிற்பதுமில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது, மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. அந்நாட்களில் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெற்றோர் பட்ட பாட்டை நான் கண்ணாற் கண்டேன். ஆகவே முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கேட்கும் நிறுவனத்தைவிட, பாடம் பாடமாகக் கட்ட விடும் நிறுவனமே எங்களுக்கு உகந்தது என்பது என் அபிப்பிராயம். ஒரு பாடத்தைக் கட்டிப் படித்து, இயலாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். காணி உறுதியை எடுக்கவேண்டியதில்லை.

கணிதத் தகைமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல கற்கைகள் அனைத்தும் நுண்கணிதத்தையும் தாயங்களையும் ஓரளவாவது அறிந்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. முதலில் இதைக் கண்டபோது அவள் கண்கலங்கினாள். உயர்தரத்தில் வணிகப் புள்ளிவிபரவியலை ஒரு பாடமாகக் கற்று, நியம விலகலும் சுட்டெண்ணும் அறிந்தவளேயன்றி, வகையிடலும் தொகையிடலும் கற்றவள் அல்லள். “முதல் கேட்ட இடத்தில கணிதம் வேண்டாமெண்டுதானே சொன்னவை” என்றாள். எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கிற்று. கணிதம் தேவை என்று வாசலிலேயே சொல்லும் நிறுவனம் மாணவியை மதிக்கின்றது. தேவையில்லை என்பவர்கள் அவளது பணத்தையே மதித்தார்கள்.

எங்கள் கணித ஆசிரியர் ஒரு சதமும் வாங்காது சனிக்கிழமைகளில் அவளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். பாடசாலை நூல்நிலையத்தின் பின்புறத்து மேசையில் அது நடந்தது. ஓர் ஆண்டு ஆயிற்று. இடையிடையே நானும் போய் இருந்தேன். ஐம்பத்தாறு வயதில் வகையிடல் என்றால் என்னவென்று ஓரளவு விளங்கிக்கொண்டேன். அதிபர் கரும்பலகைக்கு முன்னே மாணவனாய் இருப்பதைக் கண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்ததையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஓர் ஆண்டில் கையிற் பணம் செலவழியாமலே பலவற்றைப் பார்த்துக்கொண்டோம். மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நிகழ்தகவுப் பாடத்தை எவரும் இலவசமாகக் கேட்கலாம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் புள்ளிவிபரவியற் பாடக் குறிப்புகளை எவரும் வாசிக்கும்படி திறந்து வைத்திருக்கின்றது. இந்தத் துறைக்கு வேண்டிய “ஆர்” என்னும் கணினி மொழி நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆசிரியர்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உருவாக்கியது, அதுவும் இலவசம். முதுமாணிக்குப் பணங்கட்ட எண்ணும் எவரும் இவற்றில் ஒன்றை முதலில் முடித்துப் பார்க்கட்டும். மூன்றாவது கிழமையிலேயே மனம் சலித்தால், பெருந்தொகையொன்று மிச்சம்.

நேரத்தைப் பற்றி எவரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கோடைகாலத்து மாலை ஏழு மணி, எங்களுக்கு விடியற்காலை நாலரை மணி. மாரி காலத்தில் ஐந்தரை. ஆகவே பதிவுசெய்த விரிவுரையா, அவ்வேளையிலேயே இருந்து கேட்கவேண்டியதா என்று விண்ணப்பிக்கும் முன்பே விசாரிக்க வேண்டும். பரீட்சை வேளையில் கணினியின் கண்ணால் மேற்பார்வை செய்வார்கள். நடுவில் மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு என்றும் எழுதிக் கேட்க வேண்டும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைக் கண்டவர்கள் நாங்கள். இக்கேள்வியை மூன்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதினாள். இரண்டு தெளிவாக விடை அனுப்பின. ஒன்று விளம்பரத் துண்டை மறுபடியும் அனுப்பியது.

இங்கிலாந்தில் 1834இல் தோன்றிய ரோயல் புள்ளிவிபரவியற் சங்கம் சில பட்டங்களை ஆராய்ந்து அங்கீகாரம் வழங்குகின்றது. பிரித்தானியக் கற்கைகளைப் பார்ப்பவர்கள் அப்பட்டியலையும் பார்க்கலாம். இலங்கையில் பிரயோகப் புள்ளிவிபரவியல் நிறுவகம் உண்டு. அதன் தொழில்சார் பரீட்சைகள் முதுமாணி அல்லவெனினும், செலவைத் தாங்க இயலாதவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கவை. அரச உத்தியோகத்தில் உள்ளவர்கள், பதவியுயர்வுக்கு இணையவழிப் பட்டம் ஏற்கப்படுமா என்று தம் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, விடையையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாய்ச்சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் எனது பாடசாலையிலேயே இருக்கிறார்கள்.

எங்கள் பெண் கடைசியாக எந்தப் பல்கலைக்கழகத்தைத் தெரிந்தெடுத்தாள் என்று சொன்னால் அது விளம்பரமாகிவிடும். பாடம் பாடமாகக் கட்டுகிறாள். சிபாரிசுக் கடிதம் நான் எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத எனக்கு மூன்று இரவு சென்றது. இப்போது இரண்டாம் ஆண்டு. விடியற்காலையில் அவ்வீட்டில் விளக்கெரியக் கண்டு, யாருக்கோ சுகமில்லை என்று எண்ணி அயலவர் ஓடிவந்த கதையும் உண்டு.

சென்ற மாதம் வந்திருந்தாள். இருபத்துமூன்று பேரின் கணக்கை ஓர் ஒப்படைக்காகச் செய்து ஆசிரியருக்கு அனுப்பியிருந்தாள். விடை அவள் எதிர்பார்த்தது அன்று. போக்கு இருப்பதுபோலத் தோன்றுகிறது, ஆனால் தற்செயல் என்பதை விலக்குவதற்கு இந்த எண்ணிக்கை போதாது. வண்டி பறிபோகாதவர்களையும் சேர்த்துப் பார்க்கவில்லையே என்று ஆசிரியர் எழுதியிருந்தார். நான் அவளைத் தேற்ற முயன்றேன். அவளோ தேறுதல் வேண்டி வரவில்லை. மேலாளர் சொன்னது பாதி சரி என்பதைச் சிரித்தபடியே சொன்னாள். பின்னர் கட்டியவர், கட்டாதவர், வயல் உள்ளவர், இல்லாதவர் என்று நானூறு பேரின் விபரங்களை மாதவாரியாகப் பதிவதற்கு மேலாளரிடமே அனுமதி வாங்கிவிட்டதாகவும், முதலாம் அறுவடைக் கணக்கு மாசியிலும் பங்குனியிலும் கிடைக்கும் என்றும் சொன்னாள். அதுவரை வயல் செய்பவர்களின் வண்டிகளை எடுப்பதற்கு முன் தன்னிடம் ஒருமுறை கேட்கும்படி மேலாளர் வாய்மொழியாக உத்தரவிட்டிருக்கிறாராம். அதனையும் எழுத்தில் வாங்கு என்று சொல்லி அனுப்பினேன்.